பெயர்த்தெடுத்த தார் மீண்டும் சாலையாகுமா?

உங்கள் வீட்டு வாசற்படிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீடு கட்டிய நாளில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணையை அடைந்திருப்பார்கள். இன்று எத்தனை படிகள் எஞ்சியுள்ளன? நம் ஊர்களின் பழைய தெருக்கள் பலவற்றில் வீட்டுக்குள் ஏறிச் செல்லும் வழக்கம் போய், இறங்கிச் செல்லும் வழக்கம் வந்துவிட்டது. ஐப்பசி மாதத்து அடைமழையில் தெருத் தண்ணீர் அனுமதி கேட்காமல் கூடத்துக்குள் நுழைகிறது. தாழ்வாரத்தில் அரிசி மூட்டை நனைகிறது. சில இடங்களில் பள்ளிவாசலின் ஹவுளுக்குள்ளேயே சாக்கடை நீர் கலந்துவிடுகிறது.

வீடு தாழ்ந்துவிடவில்லை, தெருதான் உயர்ந்துவிட்டது. பழைய சாலையின் மேலேயே புதிய சாலையை இடுவது நெடுநாள் வழக்கம். ஒரு முறைக்கு 4 சென்டிமீட்டர் என்று குறைவாகவே கணக்கிட்டாலும், ஐந்து முறை இட்டால் 20 சென்டிமீட்டர். அதாவது ஏறத்தாழ எட்டு அங்குலம். ஒரு படி முழுவதும் மண்ணுக்குள் போவதற்கு இதுவே போதும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில், தமிழக அரசின் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு இதற்கு ஒரு தீர்வை வலியுறுத்தி அதிகாரிகளுக்கு எழுதினார். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதிய சாலையை இட வேண்டும். சாலையின் மட்டம் உயரக் கூடாது. வீடுகளுக்குள் நீர் புகக் கூடாது என்பதே அதன் சாரம். பற்கள் பதித்த உருளையைச் சுழற்றியபடி சாலையைப் பெயர்த்துச் செல்லும் 'மில்லிங்' எந்திரத்தை இப்போது நகரத் தெருக்களில் நீங்களும் கண்டிருக்கலாம்.

சரி, பெயர்த்தெடுத்த அந்தக் கரிய பொடி எங்கே போகிறது? லாரியில் அள்ளிப்போய் ஏதேனும் ஒரு பள்ளத்தில் கொட்டிவிடுவதற்கு அது குப்பையா? இல்லை, மீண்டும் சாலையாகும் தகுதி அதற்கு உண்டா? இக்கேள்விக்கு விடை தெருவில் கிடைக்காது, ஆய்வுக்கூடத்தில்தான் கிடைக்கும். அந்த ஆய்வுக்கூடத்துக்குள் உங்களை அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்த்ததில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் 'தார்' என்று வழங்குவது உண்மையில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பின் அடியில் தங்கும் பிட்டுமன் ஆகும். நிலக்கரியிலிருந்து வடிப்பதே தார் எனும் பெயருக்கு உரியது. ஆயினும் ஊர் வழக்கை மாற்ற நாம் யார்? இங்கேயும் தார் என்றே எழுதுகிறோம்.

இப்பொருள் முஸ்லிம் உலகுக்குப் பழைய அறிமுகம். மதுரை சுல்தானின் அவைக்கும் வந்து சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, 1327ஆம் ஆண்டில் பாக்தாத் நகரைக் கண்டார். அங்குள்ள குளியல் கூடங்களில் தார் பூசப்பட்டிருந்ததையும், அது பார்வைக்குக் கருஞ்சலவைக்கல் போலத் தோன்றியதையும், கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் இடையிலுள்ள ஊற்றிலிருந்து அது கொண்டுவரப்பட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். தண்ணீரை உள்ளே விடாத குணம் தாருக்கு உண்டு என்பதை அக்காலத்து மேஸ்திரிகளே அறிந்திருந்தனர். சாலையிலும் அது செய்யும் வேலை அதுதான்: கற்களை ஒட்டுவது, நீரைத் தடுப்பது.

தார்ச்சாலையின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு ஜல்லியும் மணலும் கல்தூளுமே. தார் சுமார் 5 பங்குதான். 100 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிறு தெருவில் 4 சென்டிமீட்டர் கனத்துக்குச் சுரண்டினால் 16 கன மீட்டர் பொருள் கிடைக்கும். எடையில் அது சுமார் 37 டன். அதற்குள் 35 டன் உடைத்த கல்லும், ஏறத்தாழ 1.8 டன் தாரும் இருக்கின்றன. அந்தக் கல்லுக்காக எங்கோ ஒரு மலை உடைக்கப்பட்டது. அந்தத் தாருக்காக எங்கோ ஒரு நாட்டிலிருந்து எண்ணெய்க் கப்பல் வந்தது. இதை ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வருவதை நம் மார்க்கம் கண்டிக்கும் வீண்விரயம் என்றல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

பிற நாடுகள் இதை முன்னரே உணர்ந்துகொண்டன. 1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. தாரின் விலையும் உடன் ஏறியது. அதன்பின்புதான் அமெரிக்காவில் பழைய சாலையைப் பெயர்த்துப் புதிய கலவையில் சேர்க்கும் முறை வேகம் பெற்றது. இன்று அங்கே புதிதாக இடப்படும் தார்க்கலவையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே பழைய சாலைப் பொருள் சேர்கிறது. நம் நாட்டிலும் இந்திய சாலைகள் பேராயம் 2015ஆம் ஆண்டில் இதற்கென 120ஆம் எண் வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. எனவே நூலுக்குக் குறைவில்லை. நூலின்படி சோதித்துப் பார்க்கும் பொறுமைக்குத்தான் குறைவு.

ஏன் சோதிக்க வேண்டும்? பழைய தார் புதிய தார் அன்று. வெயிலும் காற்றும் ஆண்டுக்கணக்கில் அதன்மேல் பட்டு, உயிர்வளி அதனோடு சேர்ந்து, அதிலிருந்த எண்ணெய்ப்பசைப் பகுதி குறைந்து, கடினமான பகுதி மிகுந்துவிடுகிறது. நெய்யைத் திறந்து வைத்தால் கெட்டுப்போகும் என்பது நம் பெண்களுக்குத் தெரியும். தாருக்கு நேர்வதும் அத்தகையதோர் மாற்றமே. இளகிக் கொடுக்க வேண்டிய தார், முதுமையில் இறுகி நொறுங்கும் தன்மையை அடைகிறது.

ஒரு சோறு பதம் ஆகாத பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பெயர்த்த சாலைக் குவியலுக்கு அது பொருந்தாது. ஏனெனில் அந்தக் குவியல் ஒரே பானையில் வெந்ததன்று. முதல் லாரி பேருந்து நிலையச் சாலையிலிருந்தும், இரண்டாம் லாரி பத்தாண்டு முந்திப் போட்ட சந்திலிருந்தும் வந்திருக்கும். ஒன்றில் தார் மிகுதி. மற்றொன்றில் மண் கலப்பு. குவியலின் சரிவில் பெரிய கற்கள் உருண்டு அடியில் சேர்ந்திருக்கும். மேலே பொடி தங்கியிருக்கும். மேலிருந்து ஒரு சட்டி அள்ளிக்கொண்டு போய்ச் சோதிப்பவர், தம்மையும் ஏமாற்றிக்கொண்டு ஊரையும் ஏமாற்றுகிறார்.

ஆகவே குவியலின் பல இடங்களிலிருந்து, மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து அள்ளுகிறார்கள். அள்ளியதை நன்கு கலந்து, கூம்பாகக் குவித்து, உச்சியை அமுக்கித் தட்டையாக்கி, நான்கு பங்காக வகுக்கிறார்கள். எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை நீக்கிவிட்டு, எஞ்சிய இரண்டையும் மீண்டும் கலந்து மீண்டும் வகுக்கிறார்கள். தேவையான அளவு வரும்வரை இது தொடரும். பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த வேலையில் அலட்சியம் காட்டினால், பின்னால் வரும் விலையுயர்ந்த கருவிகள் அனைத்தும் பொய்யே பேசும்.

அடுத்தது உலர்த்துதல். மில்லிங் எந்திரம் தன் பற்கள் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சுரண்டுகிறது. குவியலில் மழையும் பெய்திருக்கும். ஆதலால் பொருளைத் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பிக் காற்றாட விடுகிறார்கள். அல்லது 60 டிகிரி அளவான இளஞ்சூட்டில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை அடுப்பில் வைக்கிறார்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் தார் உருகிக் கட்டிகளாகும். ஏற்கனவே முதுமையடைந்த தார் அடுப்பிலேயே மேலும் முதுமையடையும். அது சாலையில் எப்படி இருந்ததோ அப்படியே அதை அறிய வேண்டுமே தவிர, நாம் கெடுத்த பின்னர் அறிந்து என்ன பயன்?

கல்லையும் தாரையும் பிரித்தல்

உலர்ந்த பொருளில் எவ்வளவு தார் இருக்கிறது? இதை அறிய இரு வழிகள் உள்ளன.

முதல் வழியில், எடையிட்ட பொருளை ஒரு கிண்ணத்தில் இட்டு, தாரைக் கரைக்கும் திரவத்தை ஊற்றி ஊறவைத்து, வடிதாள் பொருத்தி மூடி வேகமாகச் சுழற்றுகிறார்கள். தயிர் கடையும் மத்தைப் போலன்றி, கிண்ணமே சுழலும். கரைந்த தார் வெளியே தெறித்து வழிந்துவிடும். கற்கள் உள்ளே தங்கிவிடும். முதலில் வரும் திரவம் மையைப் போல் கறுத்திருக்கும். மீண்டும் மீண்டும் ஊற்றிச் சுழற்ற, வெளிவரும் திரவம் வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்தால் தார் நீங்கிவிட்டது என்று பொருள். வடிதாளையும் மீறி ஓடிவிடும் மெல்லிய கல்தூளையும் தேடிப்பிடித்து எடையிட வேண்டும். இல்லையேல் அதுவும் தாரின் கணக்கில் சேர்ந்து, தார் மிகுதியாக இருப்பதாகக் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொறியியல் கல்லூரியில் உங்கள் பிள்ளை படிப்பவராயின் இதனை அவரிடம் சொல்லுங்கள். இச்சோதனைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த ட்ரைகுளோரோஎத்திலீன் என்னும் திரவம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆவியை வெளியேற்றும் கூண்டுக்குள் வைத்து, கையுறை அணிந்தே இதனைக் கையாள வேண்டும். திறந்த மேசையில், மின்விசிறிக்கு அடியில் இச்சோதனையை நடத்துவது அறியாமை.

இரண்டாம் வழி எரிப்பு. 538 டிகிரி சூட்டில் தாரை முழுவதும் எரித்துவிட்டு, குறைந்த எடையைத் தார் எனக் கொள்வது. விரைவானது, நச்சுத் திரவம் தேவையில்லை. ஆனால் சுண்ணாம்புக் கல் போன்ற சில கற்கள் அந்தச் சூட்டில் தாமே எடை குறைவதால், அதற்கெனத் திருத்தம் செய்ய வேண்டும். எரிந்த தாரைத் திரும்பப் பெறவும் இயலாது. நமக்கோ அந்தப் பழைய தார் வேண்டும். அதன் குணத்தை அறிய வேண்டும். ஆகவே முதல் வழியில் கிடைத்த கரைசலைக் காற்று நீக்கிய சுழல் குடுவையில் இட்டு, திரவத்தை ஆவியாக்கி, தாரை மட்டும் மீட்கிறார்கள். இதில் திரவம் சிறிதளவு தங்கிவிட்டாலும் பழைய தார் இளமையாக இருப்பதுபோல் பொய்த்தோற்றம் காட்டும்.

மீட்ட தாரின் வயதைச் சொல்லுவது ஓர் ஊசி. 25 டிகிரி வெப்பத்தில் வைத்த தாரின்மேல், 100 கிராம் பாரம் கொண்ட ஊசியை 5 விநாடி நேரம் விடுகிறார்கள். அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கிறார்கள். நம் சாலைகளில் பெரிதும் பயன்படும் வி.ஜி. 30 வகைத் தாரில் குறைந்தது 45 அலகு இறங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பல ஆண்டு வெயில் கண்ட தாரில் இது 20க்கும் கீழே போய்விடுவதுண்டு. வளையத்தில் ஊற்றிய தாரின்மேல் 3.5 கிராம் எஃகுக் குண்டை வைத்து, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றி, எந்தச் சூட்டில் குண்டு அமிழ்ந்து இறங்குகிறது என்று பார்ப்பது மற்றொரு சோதனை. பழைய தாரில் குண்டு எளிதில் இறங்காது.

தார் நீங்கிய கற்களையும் சல்லடைகளில் இட்டுச் சலிக்கிறார்கள். மில்லிங் எந்திரத்தின் பற்கள் கற்களையும் உடைத்துவிடுவதால், பழைய சாலையில் இருந்ததைவிட இதில் தூள் மிகுந்திருக்கும். தூள் மிகுந்தால் அது தாரைக் குடித்துவிடும். எனவே புதிய ஜல்லியின் அளவுகளை அதற்கேற்ப மாற்றியாக வேண்டும்.

1200 கிராம் கணக்கு

இனிக் கலவை. சோதனைக்கான ஒரு வில்லைக்கு மொத்தம் 1200 கிராம் கலவை தேவை என்று கொள்வோம். அதில் 30 விழுக்காடு பழைய பொருள் சேர்க்க விரும்புகிறோம். அதாவது 360 கிராம். அதில் 5 விழுக்காடு தார் என்றால் 18 கிராம் பழைய தார். மொத்தக் கலவைக்கு 5.5 விழுக்காடு தார் வேண்டுமாயின் 66 கிராம். ஆக, புதிதாக ஊற்ற வேண்டியது 48 கிராம் மட்டுமே. 18 கிராம் மிச்சம்! இம்மிச்சத்தில்தான் இத்தொழிலின் இலாபம் முழுவதும் இருக்கிறது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? பழைய கல்லின்மேல் ஒட்டியிருக்கும் 18 கிராம் தாரும் இளகி வந்து புதிய தாரோடு கலந்தால் கணக்குச் சரி. அது இளகாமல் கல்லோடு கல்லாகவே கிடந்துவிட்டால், கலவையில் உண்மையில் வேலை செய்வது 48 கிராம் மட்டும். அதாவது 4 விழுக்காடுதான். அப்போது சாலை வறண்டுபோகும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் ஜல்லி தனித்தனியே பெயர்ந்து, இருசக்கர வண்டியில் செல்லும் நம் பிள்ளைகளின் சக்கரத்துக்கு அடியில் உருளும்.

உலர்த்தாமல் எடையிட்டால் கேடு இன்னும் மிகும். 4 விழுக்காடு ஈரம் இருந்தால், அந்த 360 கிராமில் 14 கிராம் வெறும் தண்ணீர். தண்ணீரைக் கல்லென்றும் தாரென்றும் எழுதிய கணக்கு அது. அளவையில் மோசம் செய்வோரைக் குறித்துத் திருமறையில் அல் முதஃப்பிஃபீன் என்னும் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. தராசு கடைத்தெருவில் மட்டும் இருப்பதன்று.

பழைய தார் உண்மையில் கலக்கிறதா என்னும் ஐயத்தைத் தீர்க்க அமெரிக்காவின் தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு அழகானது. அதன் முடிவுகள் 2001ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஃபுளோரிடா, கனெக்டிகட், அரிசோனா ஆகிய மூன்று மாநிலங்களின் பழைய சாலைப் பொருள்களை எடுத்துக்கொண்டு, மூன்று விதமாக வில்லைகள் செய்தார்கள். முதல் விதத்தில் பழைய தாரை முழுவதும் கழுவி நீக்கிவிட்டுக் கல்லை மட்டும் சேர்த்தார்கள். இது 'சற்றும் கலக்கவில்லை' என்ற நிலை. இரண்டாவதில் பழைய தாரை மீட்டெடுத்து, புதிய தாரோடு நன்றாகக் கலந்துவிட்டே சேர்த்தார்கள். இது 'முழுவதும் கலந்தது' என்ற நிலை. மூன்றாவதில், சாலைப்பணியில் நடப்பதுபோல் பழைய பொருளை அப்படியே இட்டார்கள். பழைய பொருள் 10 விழுக்காடாக இருந்தபோது மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 40 விழுக்காடாக உயர்த்தியபோது, அப்படியே இட்ட கலவை 'முழுவதும் கலந்தது' என்பதையே ஒத்திருந்தது. ஆக, பழைய தார் வெறும் கரிய கல்லன்று. பெரும்பாலும் அது கலக்கவே செய்கிறது. ஆனால் அதற்குச் சரியான சூடும் நேரமும் வேண்டும்.

அந்தச் சூட்டைத் தருவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய பொருளை 110 டிகிரி அளவில், இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல்தான் சூடாக்குவது வழக்கம். அதற்கு மேல் போனால் தார் கருகும். குறைந்த சூட்டை ஈடுகட்டப் புதிய ஜல்லியை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காய்ச்சுகிறார்கள். ஆறிப்போன நெய்ச்சோற்றைத் தனியே அடுப்பில் வைத்தால் அடிபிடிக்கும். ஆவி பறக்கும் புதுச்சோற்றோடு சேர்த்து மூடிவைத்தால் இரண்டும் ஒரே பதமாகும். ஏறத்தாழ அந்தத் தந்திரமே இது.

பழைய தாரின் இறுக்கத்தைத் தணிக்கவும் வழிகள் உண்டு. 15 விழுக்காடு வரை பழைய பொருள் சேர்த்தால் புதிய தாரின் வகையை மாற்ற வேண்டியதில்லை. 15 முதல் 25 வரையாயின் ஒரு படி இளகிய தாரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கும் மேலாயின் பழைய தாரைச் சோதித்து, கலப்பு வரைபடம் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பது அந்த ஆய்வின் வழியே வந்த பரிந்துரை. இளக்கி எண்ணெய்களைச் சேர்ப்பது மற்றொரு வழி. சமையலுக்குப் பயன்படுத்திக் கழித்த எண்ணெயைக்கூட இதற்காகச் சோதித்திருக்கிறார்கள்! வடை பொரித்த எண்ணெய் சாலைக்குப் போவது, மறுபடியும் வடைக்குப் போவதைவிட நல்லதுதான். ஆனால் அளவு மீறினால் சாலை இளகி, கோடை வெயிலில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதியும்.

சம்மட்டியும் வெந்நீரும்

கலவை ஆயத்தமானதும் அதை 101.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு அச்சில் இட்டு, 4.54 கிலோ எடையுள்ள சம்மட்டியை 457 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு பக்கத்துக்கு 75 அடி வீதம் இரு பக்கமும் அடிக்கிறார்கள். 63.5 மில்லிமீட்டர் உயரமுள்ள கரிய வில்லை கிடைக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றிய புரூஸ் மார்ஷல் என்பவர் வகுத்த முறை இது. அவர் பெயராலேயே இன்றும் நம் கல்லூரிகள்தோறும் வழங்குகிறது.

வில்லையைக் காற்றிலும் நீரிலும் எடையிட்டு அடர்த்தி காண்கிறார்கள். கலவையில் காற்றிடமே இல்லாதிருந்தால் அடர்த்தி எவ்வளவு இருக்கும் என்பதையும் வேறொரு சோதனையால் அறிகிறார்கள். பின்னது 2.45, முன்னது 2.35 என்றால் வில்லைக்குள் காற்று ஏறத்தாழ 4 விழுக்காடு. இது 3க்கும் 5க்கும் இடையில் இருப்பது நன்று. மிகக் குறைந்தால் கோடையில் தார் பொங்கி மேலே கசியும். மிக அதிகமானால் நீர் உட்புகும்.

பின்னர் வில்லையை 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, உடனே எடுத்து எந்திரத்தில் வைத்து அழுத்துகிறார்கள். சித்திரை வெயிலில் சாலை அடையக்கூடிய சூடு அது. எத்தனை பாரம் தாங்கியது, உடையுமுன் எவ்வளவு நெளிந்தது என்ற இரண்டையும் குறிக்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, மேற்பரப்புக் கலவை குறைந்தது 9 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 900 கிலோ பாரம் தாங்க வேண்டும். நெளிவு 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

உயர்ந்த எண் ஏமாற்றும்

வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பழைய பொருள் சேர்த்த வில்லை மார்ஷல் சோதனையில் பெரும்பாலும் புதிய கலவையைவிட மிகுந்த பாரம் தாங்கும்! ஏன்? முதிர்ந்த தார் இறுகியது. இறுகிய பொருள் வெந்நீரிலும் எளிதில் இளகாது. எனவே எண் உயர்கிறது. 'பழையதைச் சேர்த்தோம், பலம் கூடிவிட்டது' என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிடுவது எளிது. ஆனால் இறுக்கம் வேறு, உறுதி வேறு. காய்ந்த முருங்கைக் குச்சியும் இறுக்கமாகத்தான் இருக்கிறது; வளைத்தால்தான் தெரியும். மார்ஷல் சோதனை சாலையின் கோடையைத்தான் பார்க்கிறது. விடியற்காலைக் குளிரையும், பேருந்து ஏறி இறங்கும் ஆயிரமாயிரம் வளைவுகளையும், தேங்கிய மழைநீரையும் அது பார்ப்பதில்லை.

மழைக்கென்று ஒரு சோதனை உண்டு. ஒரே மாதிரியான வில்லைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றை உலர்ந்தே வைக்கிறார்கள். மற்றதற்குள் காற்றை உறிஞ்சி நீரைப் புகுத்தி, உறையவைத்து, பின் 60 டிகிரி வெந்நீரில் ஒரு நாள் முழுதும் வைக்கிறார்கள். இரண்டையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் அழுத்திப் பிளக்கிறார்கள். நனைந்ததன் பலம் உலர்ந்ததன் பலத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எடுத்துக்காட்டாக, உலர்ந்தது 900 என்றும் நனைந்தது 700 என்றும் வந்தால் விகிதம் 78தான். அந்தக் கலவை தோற்றது. மார்ஷல் சோதனையில் அது முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தோற்றதே.

விரிசலுக்கு வேறு சோதனை. வட்ட வில்லையைப் பாதியாக அறுத்து, அடியில் சிறு வெட்டு வைத்து, மேலிருந்து அழுத்துவது ஒரு முறை. இங்கே பார்க்க வேண்டியது உச்ச பாரத்தை அன்று. உச்சத்துக்குப் பின் அது எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பதையே. நல்ல கலவையில் விரிசல் மெல்ல ஏறும். இறுகிய கலவை உச்சத்தைத் தொட்ட கணமே பளீரென்று இரண்டாகும். பழைய பொருள் 25 விழுக்காட்டுக்கு மேல் சேரும் எந்தக் கலவையையும் இச்சோதனை செய்யாமல் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. ஒப்பந்ததாரர்களுக்கு இது கசக்கலாம். பெயர்த்த பொருளை மீண்டும் பயன்படுத்துவதை எதிர்த்து இதனைச் சொல்லவில்லை. அது நிலைக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். அரைகுறையாகச் செய்து ஆறு மாதத்தில் பெயர்ந்துபோனால், 'பழையதைக் கலந்தால் இப்படித்தான்' என்று ஊர் முடிவு கட்டிவிடும். பிறகு பழைய வழக்கமே திரும்பும், தெரு உயரும், உங்கள் கூடத்தில் தண்ணீர் நிற்கும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை நாயகம் (ஸல்) அவர்கள் ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணிச் சொன்னார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவது மட்டுமா அது? வில்லையை வெந்நீரில் ஒரு நாள் முழுதும் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடாமல் காத்திருக்கும் ஆய்வுக்கூட உதவியாளரும் பாதையின் இடையூறைத்தான் அகற்றுகிறார். நம் சமுதாய இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளில் சாலைப் பணிகளில் உழைத்துத் திரும்பியவர்கள். பட்டயப் படிப்பு முடித்தோருக்கு இத்தகைய ஆய்வுக்கூட வேலை, வெயிலில் நிற்காமல் செய்யத்தக்க கண்ணியமான தொழில். ஊருக்கும் தேவையான தொழில்.

தெருவிலிருந்து செய்யக்கூடியது

ஆய்வுக்கூடத்துக்குள் நாம் போக முடியாது; அதன் தாளைக் கேட்க முடியும். உங்கள் தெருவுக்குச் சாலைப்பணி அறிவிக்கப்பட்டால், முதலில் உங்கள் வாசற்படிக்கும் தெருவுக்கும் உள்ள உயரத்தை அளவு நாடாவால் அளந்து, தேதியிட்டு எழுதி, நிழற்படமும் எடுத்து வையுங்கள். ஜமாஅத்தின் வழியாகத் தெரு முழுவதற்கும் இதைச் செய்தால் இன்னும் நன்று. பிறகு நகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். எத்தனை மில்லிமீட்டர் சுரண்டப்படும், எத்தனை மில்லிமீட்டர் இடப்படும், பெயர்த்த பொருள் எங்கே கொண்டுசெல்லப்படும், புதிய கலவையில் பழைய பொருள் எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். பழைய பொருள் உண்டு என்றால், மீட்ட தாரின் ஊசிச் சோதனை எண்ணையும், மார்ஷல் முடிவையும், நனைந்த வில்லைக்கும் உலர்ந்த வில்லைக்குமான விகிதத்தையும் நகலாகத் தரக் கோருங்கள். மார்ஷல் முடிவு மட்டும் வந்தால் மற்றதை மறுபடி கேளுங்கள். விண்ணப்பத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஆதலால் எந்திரம் தெருமுனைக்கு வந்து நிற்கும்வரை காத்திராமல், பணி அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.